கஞ்சாவும் தாய்ப்பாலும்: ‘பீய்ச்சிக் கொட்டினால் போதும்’ என்பது ஏன் பலிக்காது?

மதுவுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. ரத்தத்தில் ஆல்கஹால் குறையக் குறைய பாலிலும் குறையும். ஒரு பெக் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்துப் பால் கொடுக்கலாம். இதே கணக்கைக் கஞ்சாவுக்கும் போட்டு, ஒருவேளைப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் பலர். அது தப்புக்கணக்கு.

கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, நீரில் கரையாதது. புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டு, மளமளவென இறங்கும். ஆனால் அது உடலை விட்டுப் போய்விடவில்லை. கொழுப்புத் திசுக்களில் போய்ப் பதுங்கியிருக்கிறது. அங்கிருந்து நாள்கணக்கில், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பி வரும். தாய்ப்பாலோ கொழுப்பு நிறைந்தது. அதனால் தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் டி.எச்.சி. பல மடங்கு அதிகமாகச் சேர்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் இது சுமார் 6 மடங்கு. பாலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 17 நாள் ஆனது. பிரசவத்துக்குப் பின் கஞ்சாவைத் தொடாத தாய்மாரின் பாலில்கூட 6 வாரம் கழித்தும் அது இருந்தது. இன்று பீய்ச்சிக் கொட்டினாலும் நாளை ஊறும் பாலுக்குள் அதே கிடங்கிலிருந்து டி.எச்.சி. வந்துவிடும்.

குழந்தைக்குப் போகும் அளவு சொற்பம்தான்: உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், தாய் எடுத்ததில் சராசரியாக 2.5 சதவீதம் என்கிறது ஒரு சிறிய ஆய்வு. ஆனாலும் வேகமாக வளரும் மூளைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று யாரும் எல்லை வகுத்துச் சொல்லவில்லை.

கருவிலும் இதே கதைதான். நஞ்சுக்கொடி கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளைத் தடுப்பதில்லை. நரம்பிழைகள் எங்கே நீள வேண்டும், எதோடு இணைய வேண்டும் என்று வழிகாட்ட, சிசுவின் மூளை தானே தயாரிக்கும் கன்னாபினாய்டுகளை (டி.எச்.சி. போலவே வேலை செய்யும் வேதிப்பொருள்களை) பயன்படுத்துகிறது. அவற்றை வாங்கிக்கொள்ளும் சி.பி.1 ஏற்பிகள் சுமார் 14-ஆம் வாரத்திலேயே தென்படுகின்றன. அந்த ஏற்பிகளில் டி.எச்.சி. வந்து ஒட்டிக்கொண்டால், வேண்டாத நேரத்தில் வேண்டாத சைகை போகும். புகைப்பதில் இன்னொரு கேடும் உண்டு: கார்பன் மோனாக்சைடு சிசுவுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. தின்றால் புகை இல்லை, ஆனால் டி.எச்.சி. இருக்கத்தான் செய்கிறது. கஞ்சாச் செடியிலிருந்தே எடுக்கும், போதை தராத சி.பி.டி. எண்ணெயும் பத்திரமானதல்ல, பல தயாரிப்புகளில் டி.எச்.சி. கலந்திருக்கிறது.

பாதிப்பு எவ்வளவு? கனடாவின் ஒன்டாரியோவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை அலசிய 2019 ஆய்வில், கஞ்சா எடுத்தவர்களில் 12 சதவீதத்தினருக்குக் குறைப்பிரசவம், எடுக்காதவர்களில் 6.1. இந்த இரட்டிப்பைத் தலைப்பாக்குவது சுலபம். ஆனால் கஞ்சா எடுப்பவர்களில் பலர் சிகரெட்டும் பிடிப்பார்கள், வறுமையிலும் இருப்பார்கள். அதையெல்லாம் சமன்செய்து ஒப்பிட்டபோது 10.2-க்கு 7.2 என்று இடைவெளி பாதியானது. மறையவில்லை என்பதுதான் முக்கியம். குறைந்த பிறப்பு எடையும், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க நேர்வதும்கூட இப்படியே கூடுதலாகத் தெரிகின்றன. பிற்காலக் கவனக்குறைபாடு பற்றிய முடிவுகள் இன்னும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

மசக்கைக்காக இதை நாடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீண்டகாலம் கஞ்சா எடுப்பதே ஓயாத வாந்தியை உண்டாக்கும். வெந்நீரில் குளித்தால் மட்டும் தணிகிறது என்றால் சந்தேகம் அங்கேதான் எழ வேண்டும். மசக்கைக்கு வைட்டமின் பி6-உடன் டாக்ஸிலமைன் சேர்ந்த மருந்து நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. அளவை மருத்துவர் சொல்லட்டும்.

கர்ப்பம் தெரிந்த அன்றே நிறுத்துவது நல்லது. அதற்கு முன்பே நிறுத்தினால் இன்னும் நல்லது. கிடங்கு காலியாக நாளாகும் அல்லவா! தினமும் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை வரலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் சமாளிக்க வழி உண்டு. பிரசவத்துக்குப் பின்னும் பழக்கம் தொடர்ந்தால், பால் கொடுப்பதா வேண்டாமா என்று தானாக முடிவெடுக்காமல் குழந்தை மருத்துவரைக் கேட்க வேண்டும். குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிவழிந்தால், உறிஞ்சல் பலவீனமாக இருந்தால், ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் 6 முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தால், இரண்டு வாரத்தில் பிறப்பு எடையை எட்டாவிட்டால், உடனே காட்ட வேண்டும்.