மூன்றாவது பிள்ளை என்ன தப்பு செய்தது?

சென்னைப் பெரும்பாக்கம் குடியிருப்பில் போன புதன்கிழமை கதவைத் திறந்தது ஏழாம் வகுப்புப் பிள்ளை. பள்ளி நாள்தான். இடுப்பில் இருபத்தைந்து நாள் தம்பி. அம்மா வீட்டுவேலைக்குப் போய்விட்டார். அரசுத் திட்டங்களின் பலன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கணக்கெடுப்பது என் வேலை. இந்த மாதம் இப்படி நான் பார்த்த நான்காவது வீடு இது.

ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு தருகிற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. ஆனால் இரண்டு பிரசவத்தோடு சரி. அந்த அம்மாவுக்கு இது மூன்றாவது.

மூன்றாவதுக்கும் கொடுக்கலாமே என்றால், "காசு கொடுத்தால் பெற்றுத் தள்ளுவார்கள்" என்று படித்தவர்களே என்னிடம் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இந்த உதவி 1987 முதல் இருக்கிறது. அதே காலத்தில்தான் தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துகொண்டே வந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை. மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். காசுக்காகப் பெறுகிறார்கள் என்றால் இந்த எண் எப்படி இறங்கியது? பதினெட்டாயிரத்தில் ஒரு பிள்ளையை எத்தனை மாதம் வளர்க்க முடியும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் மாதம் அறுபதாயிரம் வாங்கும் பெண்ணுக்கு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டப்படி 26 வாரம் முழுச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. மூன்றரை லட்சத்துக்கு மேல் வரும். அது அவர் உரிமை, குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கு அந்தச் சட்டமே கிடையாது. இப்போது "நிறையப் பெறுங்கள்" என்கிற பேச்சும் கிளம்பியிருக்கிறது. ஹங்கேரியில் நான்கு பிள்ளை பெற்ற தாய்க்கு 2020 முதல் வருமானவரி விலக்கு. சம்பளம் கூடக் கூடச் சலுகையும் கூடும். சம்பளமே இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. பெறாதே என்றாலும் பெறு என்றாலும், எந்த வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் பிறப்பை மட்டும் எண்ணுவது மதிப்பீடே அல்ல.

வேலைக்குப் போகும் பெண்களே, மூன்றாவது பிரசவத்துக்கு விடுப்பே இல்லை என்று எச்.ஆர். சொன்னால் நம்பாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் சட்டப்படி 12 வாரம் உண்டு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தால் அங்கே கேளுங்கள். ராஜினாமாக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதல், இரண்டாம் பிரசவம் என்றால் நாள் தள்ளியதுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், கணவர் பெயரில் வேண்டாம்.

வீட்டுவேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களே, பிரசவம் ஆனவருக்கு மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து. கதவைத் திறந்த அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் பரீட்சை.