பற்குழி முகட்டுப் பேணல்: சொல் விளக்கம்

பல் மருத்துவமனைகளில் ‘சாக்கெட் பிரிசர்வேஷன்’ என்று வழங்கும் சிகிச்சையைச் சொல்லுக்குச் சொல் ‘குழிப் பாதுகாப்பு’ என்று பெயர்த்தால் பொருள் பிழைபட்டுவிடும். பல் எடுத்தபின் அந்தக் குழி எலும்பால் தூர்ந்துபோகவே வேண்டும். காக்கப்படுவது அதைச் சுற்றி நிற்கும் தாடையெலும்பின் அகலமும் உயரமும், அதன்மேல் படிந்த பல்லீற்றின் வடிவமும் ஆகும்.

‘சாக்கெட்’ என்னும் ஆங்கிலச் சொல், ஏர்க்கொழுவைக் குறித்த ‘சோக்’ என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் குறுமை வடிவிலிருந்து வந்தது. முதலில் கொழு வடிவ ஈட்டிமுனையைக் குறித்த அது, பின்னாளில் ஒன்றைச் செருகும் துளைக்கு ஆகிவந்தது. மருத்துவ நூல்களில் காணும் ‘அல்வியோலர் ரிட்ஜ் பிரிசர்வேஷன்’ என்னும் தொடரே பொருளுக்கு நெருக்கமானது. ‘அல்வியோலஸ்’ என்பது சிறு குழிவைக் குறிக்கும் இலத்தீன் சொல். நுரையீரலின் காற்றுச் சிற்றறைக்கும் அதுவே பெயர். ‘ரிட்ஜ்’ என்பது முகடு; இங்கே பற்குழிகள் அமைந்த தாடையெலும்பின் மேடு. ‘ன்’ என்று ஒலிக்கையில், மேல் முன்பற்களுக்குப் பின்னே நாநுனி தொடும் மேடு அம்முகட்டின் ஒரு பகுதியே.

முகடு பல்லை நம்பி நிற்பது. வேரைப் பிணைக்கும் நார்கள் ஊன்றியிருக்கும் மெல்லிய எலும்பு, பல் போனதும் கரைந்துவிடுகிறது. முன்பற்களின் உதட்டுப்புறச் சுவர் பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் குறைந்த தடிப்புடையதாதலால் அப்பக்கமே முதலில் உள்வாங்குகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், கடைவாய்ப் பகுதியில் பல் எடுத்த இடங்களில் முகட்டின் அகலம் 12 மாதங்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே நேர்ந்தது. முகடு மெலிந்தபின் செயற்கை வேராகிய டைட்டேனியத் திருகை ஊன்றப் போதிய எலும்பு இராது.

ஆகவே, பல் எடுத்த அன்றே, சுவர்கள் உடையாதவாறு குழியைத் தூய்மைசெய்து, பதப்படுத்திய மாட்டெலும்புத் துகளையோ கொடையாளர் எலும்புத் துகளையோ நிரப்பி, கொலாஜன் என்னும் புரதத்தாலான சவ்வால் மூடித் தைக்கின்றனர். மாட்டெலும்பை ஏற்க மனம் ஒப்பாதவர்களுக்குச் செயற்கைத் துகளும் உண்டு என்பதை மருத்துவர் முன்னரே சொல்லிவிட வேண்டும். துகள் கட்டடச் சாரம்போல் தாங்கி நிற்க, அதன் இடையே புதிய எலும்பு வளர்கிறது. பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் கழித்துத் திருகு பொருத்தப்படும்.

இச்சிகிச்சை எலும்பிழப்பைக் குறைக்குமேயன்றி முற்றிலும் தடுக்காது. அதனால் முழு உறுதி தருவதுபோல் ஒலிக்கும் ‘பாதுகாப்பு’ என்பதைவிடப் ‘பேணல்’ என்பதே பொருந்தும். கலைச்சொல்லாகப் ‘பற்குழி முகட்டுப் பேணல்’ என்று எழுதலாம். நோயாளியிடம் பேசும்போது ‘பல்மேடு பேணல்’ என்றாலே போதும்.