ஜூன் விடுமுறையும் பிள்ளையின் பேச்சும்

மே மாதம் பாதி கடந்துவிட்டால் போதும், என்னைப் பார்க்க வரும் பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "லீவுக்கு இவனை எந்த கிளாஸ்ல போடலாம்?" எழுத்துகளின் ஒலியைக் கற்றுத்தரும் ஃபோனிக்ஸ் வகுப்பு, நாடக முகாம், மேடைப்பேச்சுப் பயிற்சி என்று கைப்பேசியில் வந்த விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவார்கள். நான் குழந்தைகளுக்கான பேச்சு, மொழிச் சிகிச்சையாளர். எந்த வகுப்பு நல்லது என்று சொல்வதற்கு முன்னால் நான் கேட்பது, "பகலில் வீட்டில் அவனோடு யார் இருக்கப் போகிறார்கள்?" என்பதைத்தான்.

கேள்வி சாதாரணமானதுதான், ஆனால் பதில் சொல்வது பலருக்குச் சிரமம். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் நாட்காட்டிப்படி மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஏறத்தாழ ஆறு வாரம் பள்ளி விடுமுறை. ஏழு வயதுக்கு உட்பட்ட, சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளை இருந்தால் வேலை பார்க்கும் தாய்க்கும் தந்தைக்கும் ஆண்டுக்கு ஆறு ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. இரண்டையும் முழுதாகச் சேர்த்தாலும் ஜூன் மாத வேலை நாட்களுக்கே போதாது. அதில் பாதி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் முன்பே கரைந்திருக்கும். மீதி நாட்களில் பிள்ளை பாட்டியோடு, பணிப்பெண்ணோடு, மாணவர் பராமரிப்பு நிலையத்தில், இல்லாவிட்டால் ஐபேடோடு. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை, இங்கே வாழ்க்கை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஆனாலும் இந்த நான்கு வாரத்தில் மற்ற நாட்களில் கிடைக்காத ஒன்று வீட்டுக்குள் வருகிறது. பள்ளி நாட்களில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை காலையில் கேட்கும் பேச்சை யோசித்துப் பாருங்கள். எழுந்திரு, பல் தேய், பால் குடி, ஷூ போடு, சீக்கிரம், லிஃப்ட் வந்துடுச்சு. மாலையில் குளி, சாப்பிடு, படு. எல்லாமே கட்டளை. அதற்குப் பிள்ளை வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, சொன்னதைச் செய்தால் போதும். பேச்சு வளர்வதற்கு ஒருவர் சொல்லி மற்றவர் பதில் சொல்லி, அந்தப் பதிலை ஒட்டி முதலாமவர் மறுபடி ஏதாவது சொல்லி, இப்படி நாலு சுற்றாவது போக வேண்டும். அதற்கு அவசரமில்லாத நேரம் வேண்டும். விடுமுறையில் அது கிடைக்கிறது. அதையும் வகுப்புகளால் நிரப்பிவிட்டால் பிள்ளைக்கு மறுபடியும் "சீக்கிரம் கிளம்பு" மட்டும்தான் மிஞ்சும். வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு காலையை அதற்குக் கொடுங்கள், எல்லாக் காலையையும் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் பிள்ளையோடு பேசும் காட்சிகளைப் படம்பிடித்து அனுப்பச் சொல்வது என் வழக்கம். அப்படி வந்த ஒரு காணொளியைப் பற்றிச் சொல்கிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கிறார். தரையில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை ஆய்கிறார். பக்கத்தில் மூன்று வயதுப் பேத்தி. "இது பழுத்த எல, தூக்கிப் போடு. இது நல்ல எல, கிண்ணத்துல போடு." குழந்தை ஒரு பழுத்த இலையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறது. "அடியே, அது பழுத்ததுடி!" இருவரும் சிரிக்கிறார்கள். அடுத்த இலையைக் கையில் எடுத்ததும் குழந்தையே சொல்கிறது: "பழுத்த எல." பாட்டி விடவில்லை. "ஆமா, மஞ்சளா இருக்கு பாரு. பழுத்துப் போச்சு." கொஞ்ச நேரம் ஓடுகிற அந்தக் காணொளியில் 'இலை' என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று பாட்டிக்கே தெரியாது. அந்தச் சொல் இலை கையில் இருக்கும்போதே குழந்தையின் காதில் விழுகிறது. போடு, எடு, பழுத்த, நல்ல, மஞ்சள், காம்பு என்று வினையும் பண்பும் பெயரும் கலந்து வருகின்றன. அதற்குமேல், குழந்தை சொன்னதைப் பாட்டி எடுத்து ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுக்கிறார். சிகிச்சை அறையில் பெற்றோருக்கு நான் வாரக்கணக்கில் சொல்லித் தருவதும் இதையேதான்.

இதோடு ஒப்பிட்டால் நாம் படித்த பெற்றோர் செய்வது பெரும்பாலும் பரீட்சை. "இது என்ன கலர்? இது என்ன அனிமல்? எத்தனை இருக்கு? பாட்டிக்குச் சொல்லு." பிள்ளைக்குப் பதில் தெரிந்தால் ஒரு சொல்லோடு பேச்சு முடிகிறது, தெரியாவிட்டால் அங்கேயே நிற்கிறது. கேள்விகளைக் குறைத்து, கண்ணில் படுவதைச் சும்மா சொல்லிப் பாருங்கள். "அந்தக் காக்கா பிரெட்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு இந்த மௌனம் தாங்காது, உடனே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவோம். ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவர அந்த நேரம் தேவை. பேச்சு தாமதமாக வரும் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகத் தேவை.

பிள்ளை "காரு போத்து" என்றால், "தப்பு, 'போச்சு' சொல்லு" என்று நிறுத்த வேண்டாம். "ஆமா, சிவப்பு காரு வேகமா போச்சு" என்றால் போதும். சரியான ஒலி காதில் விழுந்துவிட்டது, பேச்சும் முறியவில்லை.

இனி நான் அடிக்கடி மன்றாட வேண்டியிருக்கும் விஷயம். பிள்ளை பேசத் தாமதமானால் உறவினரோ, அக்கம்பக்கத்தாரோ, சில வேளை பள்ளியில் யாரோ, "ரெண்டு மொழி குழப்புது, தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தமிழ் நிற்கிறது. தமிழில் சரளமாகக் கதை சொல்லக்கூடிய அம்மா, பிள்ளையிடம் மட்டும் தனக்குப் பழகாத ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களாகப் பேசத் தொடங்குகிறார். ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிக்கும் பேரனுக்கும் இடையில் பேச்சே இல்லாமல் போகிறது. குழந்தை ஏற்கெனவே குறைவாகப் பேசுகிறது, இப்போது அது கேட்கும் பேச்சும் குறைந்துவிட்டது.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பேச்சு, மொழித் துறையில் இது தெளிவாக நிலைபெற்ற விஷயம். மொழிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அது இரண்டு மொழியிலும் தெரியும். ஒரு மொழியை எடுத்துவிட்டால் குறைபாடு போகாது, அந்த மொழி மட்டும்தான் போகும். "பாட்டி, ஐ வாண்ட் தண்ணி" என்று கலந்து பேசுவதும் குழப்பத்தின் அடையாளம் இல்லை. சுற்றிலும் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படித்தான் பிள்ளையும் பேசுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றார்கள், தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் பாலர் பள்ளியிலும் விளையாட்டுத் திடலிலும் தானாக வந்து சேரும். தமிழ் அப்படி வராது. எந்த மொழியில் உங்களுக்குக் கொஞ்சவும் திட்டவும் கதைவிடவும் வருகிறதோ அதிலேயே பிள்ளையிடம் பேசுங்கள். அது ஆங்கிலமாகவே இருந்தாலும் சரி, அதற்காக யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம்.

பணிப்பெண் இருக்கும் வீடுகளில் அவர்தான் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர். ஆனால் அவர் பிள்ளையோடு பேசலாம் என்று பல வீடுகளில் யாரும் அவரிடம் சொல்வதே இல்லை. வேலை செய்யும்போது என்ன செய்கிறோம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். துணியைக் கம்பில் மாட்டும்போது, "இது அப்பா சட்டை, பெரிசு. இது உன் சட்டை, குட்டி" என்றால் போதும், பிள்ளை ஜன்னல் பக்கம் வராமல் வீட்டுக்குள் நின்று துணியை எடுத்துக் கொடுக்கட்டும். அவருடைய ஆங்கிலத்தில் இலக்கணம் சரியில்லையே என்று கவலைப்படும் பெற்றோர் உண்டு. எனக்கு அந்தக் கவலை இல்லை. பேசாமல் அன்போடு பார்த்துக்கொள்பவரைவிட, தப்பும் தவறுமாகப் பேசிப் பாடி விளையாடுபவர் பிள்ளையின் பேச்சுக்கு நல்லவர்.

திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், செய்வதுதான் கடினம். சுகாதார அமைச்சின் வழிகாட்டுதல்படி 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம். 18 மாதத்திலிருந்து 6 வயதுவரை, பள்ளி நேரம் போக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். 7 முதல் 12 வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு காணொளி அழைப்பில் பேசுவது இதில் சேராது, கைக்குழந்தைக்கும் அது அனுமதிதான், நன்றாகப் பேசட்டும். நான் குறிப்பாகக் கேட்டுக்கொள்வது இரண்டுதான். சாப்பாட்டு நேரத்தில் திரை வேண்டாம், ஏனென்றால் ஒரு நாளில் எல்லோரும் எதிரெதிரே உட்காரும் நேரம் அதுதான். யாருமே பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியை அணைத்துவிடுங்கள். பின்னணியில் சத்தம் ஓடும் வீட்டில் பெரியவர்கள் பிள்ளையோடு பேசுவது தானாகவே குறைகிறது.

வெளியே போவதற்கும் பெரிய செலவு வேண்டியதில்லை. செங்காங், பொங்கோல், புக்கிட் பாஞ்சாங் வட்டாரங்களில் ஓடும் எல்ஆர்டி இலகு ரயில்களில் ஓட்டுநர் கிடையாது. முன் கண்ணாடி அருகே பிள்ளையை நிறுத்தி ஒரு சுற்று போய் வாருங்கள், பேசுவதற்கு விஷயம் தானாகவே வரும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சலுகை அட்டை இருந்தால் கட்டணமும் இல்லை. அருகிலுள்ள நூலகத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் எடுங்கள். எழுத்தை வரிவரியாக வாசித்தே ஆக வேண்டும் என்றில்லை, படத்தைப் பார்த்து உங்கள் இஷ்டத்துக்குக் கதை கட்டலாம். தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். "வஞ்சிரம் வேணுமா, நண்டு வேணுமா?" என்று கேட்டு, அது சொன்னதையே வாங்குங்கள். தன் வாய்ச்சொல்லுக்கு வீட்டில் ஒரு விளைவு இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், பயிற்சிப் புத்தகங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்கு 2019 முதல் தேர்வே இல்லை. அந்த வயதில் நான் முக்கியமாகக் கவனிப்பது, நடந்ததை முன்பின் மாறாமல் சொல்லத் தெரிகிறதா என்பதை. "நேத்து பார்க்ல என்ன ஆச்சுன்னு அப்பாவுக்குச் சொல்லு" என்றால், யார், எங்கே, முதலில் என்ன, அப்புறம் என்ன, ஏன் என்று சொல்ல வேண்டும். பாதியில் திணறினால் நீங்கள் கதையை முடித்துவிடாதீர்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் தமிழ் வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டு உரையாட வேண்டும். அதற்கான பழக்கம் கடைசி ஆண்டு டியூஷனில் திடீரென்று வந்துவிடாது.

விடுமுறையில் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கும்போதுதான் சில விஷயங்கள் பெற்றோரின் கண்ணில் படுகின்றன. ஒரு வயதாகியும் மழலை ஒலியோ, கைகாட்டிக் கேட்பதோ இல்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வரவில்லை. இரண்டு வயதில் இரண்டு மொழியும் சேர்த்து ஐம்பது சொற்கள்கூட இல்லை, "பால் வேணும்" போல இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எந்த வயதானாலும், முன்பு சொன்ன சொற்கள் மறைந்துபோயின. இவற்றில் ஏதாவது ஒன்றைப் பார்த்தால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று தள்ளிப்போட வேண்டாம். திக்கல் வேறு கணக்கு. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகளுக்கு வந்து தானாகவே போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பிள்ளை முகம் இறுகிச் சிரமப்பட்டாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ காட்டுங்கள். அதுவரை "மெதுவா பேசு" என்று சொல்லாமல், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள்.

முதலில் பாலிகிளினிக் எனப்படும் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போங்கள், பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். செவித்திறனையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், பேச்சு வராததற்குக் காது காரணமாக இருப்பதும் உண்டு. முதல் சந்திப்புக்கே காத்திருக்க வேண்டியிருக்கலாம், அதனால் பள்ளி திறந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காமல் விடுமுறையிலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் பிள்ளை சொல்லும் சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், பணிப்பெண்ணிடம் கற்றுக்கொண்ட இந்தோனீசியச் சொல், வீட்டாருக்கு மட்டும் புரியும் மழலைச் சொல் எல்லாமே கணக்கில் வரும். வீட்டில் சாதாரணமாகப் பேசும்போது எடுத்த ஒன்றிரண்டு காணொளிகளும் இருந்தால் சிகிச்சையாளருக்குப் பெரிய உதவி. புதிய அறையில், புதிய ஆளின் முன்னால் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.