ஒரே வீட்டில் நாலு சாப்பாடு: மளிகைக் காசு எங்கே போகிறது?

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் எடை கூடிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, பிள்ளை காய்கறியைத் தொடுவதே இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். பேச்சு பாதி தூரம் போவதற்குள் காசுக்கு வந்து நிற்கும். "நீங்கள் சொல்கிற பழம், காய், பயறு எல்லாம் வாங்க ஆரம்பித்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்பார்கள். நியாயமான கவலைதான். விலைவாசி யாரையும் விட்டுவைப்பதில்லை. அதனால் என்ன சாப்பிட்டார்கள் என்ற குறிப்போடு, கடை பில்லையும் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம்.

பில்லை மேசையில் விரித்துவைத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே குறி போடச் சொல்வேன். முழுக்கச் சாப்பிட்டு முடித்ததற்கு டிக். திறந்து பாதியில் கிடப்பதற்கு அரைவட்டம். குப்பைக்குப் போனதற்குப் பெருக்கல் குறி. அரிசி, மாவு, எண்ணெய், பருப்பு, முட்டை எல்லாம் பெரும்பாலும் டிக்தான். சாஸ் பாட்டில்களும், ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு வாங்கிய தின்பண்டப் பாக்கெட்டுகளும் அரைவட்டத்தில் வரும். கீரை, பிரெட், பழம், 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வந்த தயிர் ஆகியவை பெருக்கல் குறியில். எந்தப் பொருளுக்கு அதிகமாகச் செலவழித்துவிட்டோம் என்று வருத்தப்படுகிறார்களோ, அதற்கு எதிரே டிக் இருக்கும். மலிவாகக் கிடைத்ததே என்று அள்ளிப்போட்டதுதான் குப்பையில் இருக்கும். பல வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இது ஒரு சில வீடுகளின் கதை அல்ல. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. உண்ண முடியாத தோல், எலும்பு போன்றவையும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அதில் 60 சதவீதம் கடைகளிலோ உணவகங்களிலோ வீணானது அல்ல, வீடுகளில் வீணானது. சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. பணக்கார நாடுகளில்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். வருமான நிலை வேறுபட்ட நாடுகளுக்கு இடையே இந்த அளவில் ஆளுக்குச் சுமார் 7 கிலோதான் வித்தியாசம் என்று அதே அறிக்கை சொல்கிறது.

சரி, வாங்கியது ஏன் வீணாகிறது? எல்லாரும் கடையில் செய்த தவறைத் தேடுவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: "உங்கள் வீட்டில் நேற்று யார் யார் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?"

ஒரு குடும்பம் சொன்ன பதில் நினைவில் இருக்கிறது. வீட்டில் நான்கு பேர். அப்பா வேலை முடிந்து வரும் வழியிலேயே ஏதோ சாப்பிட்டுவிடுவார். பெரிய பெண் உடற்பயிற்சி செய்கிறாள், அவளுக்குத் தனியாக வேகவைத்த காய்கறி. சின்னவனுக்குப் பாக்கெட்டைப் பிரித்து உடனடி நூடுல்ஸ். இவர்களுக்காகப் பொதுவில் சமைத்ததை அம்மா மட்டும் கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், மீதியை ஃப்ரிட்ஜில் வைக்கிறார். மறுநாள் அதை யாரும் தொடுவதில்லை. ஆக, ஒரே வீட்டில் நாலு சாப்பாடு, நாலு விதமான பொருள்கள். எவருடைய பொருளும் முழுதாகத் தீர்வதில்லை. அந்த வீட்டுக்குச் சிக்கன யோசனைப் பட்டியல் எதையும் நான் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது நான்கு பேரும் ஒரே பானையிலிருந்து சாப்பிடுங்கள் என்றுதான் சொன்னேன்.

ஒரே பானை என்றால் எல்லாரும் ஒரே மாதிரி சாப்பிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அடிப்படை ஒன்றாக இருக்கட்டும், தட்டில் மாற்றிக்கொள்ளலாம். காய்கறியும் பருப்பும் வெந்ததும், காரம் சேர்க்கும் முன் குழந்தைக்கும் வயதானவருக்கும் ஒரு பங்கு எடுத்துவைத்துவிடலாம். எடை குறைக்க நினைப்பவர் காயைக் கூடுதலாகவும் மாவுப்பொருளைக் குறைவாகவும் போட்டுக்கொள்ளட்டும். வளரும் பிள்ளைக்கு மேலே ஒரு முட்டை. அடுப்பு ஒருமுறைதான் எரிகிறது, பொருளும் முழுதாகத் தீர்கிறது. சிறுநீரக நோய் போன்ற காரணங்களுக்காக மருத்துவர் தனி உணவு சொல்லியிருந்தால் அதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். ஆனால் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாங்கள் சொல்லும் உணவு பெரும்பாலும் வீட்டில் எல்லாருக்கும் ஏற்றதுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நோயாளிகளை மட்டும் மனதில் வைத்து அல்ல.

இனி கடைக்கு வருவோம். அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் கடைகள் நடத்திவந்த சில்வன் கோல்ட்மேன் என்பவர் 1937-இல் தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். கைக்கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனித்ததுதான் காரணம். இன்றைக்கும் அந்தக் காரணம் மாறவில்லை. நாலைந்து பொருளுக்காகப் போனால் கூடையை எடுங்கள், கை வலித்தால் போதும் என்று அர்த்தம். செல்போனில் ஆர்டர் செய்கிறவர்களுக்கு அந்தக் கனமும் தெரியாது. அவர்கள் பட்டியலை முதல் நாள் போட்டுவைத்து, மறுநாள் ஒருமுறை பார்த்து, தேவையில்லாததை நீக்கிவிட்டு அப்புறம் பணம் கட்டினால் நல்லது.

பட்டியல் எழுதும் இடம் ஃப்ரிட்ஜின் முன்னால்தான் இருக்க வேண்டும். என்ன சமைக்கலாம் என்று யோசித்துவிட்டு அதற்குப் பொருள் வாங்குவது செலவைக் கூட்டும். இருப்பதில் எது முதலில் கெட்டுப்போகும் என்று பார்த்து, அதை வைத்து என்ன சமைக்கலாம் என்று யோசித்தால், வாங்க வேண்டியது தானாகவே குறையும். ஏழு நாளுக்கும் திட்டம் போடாதீர்கள். நான்கைந்து நாளுக்கு மட்டும் போட்டு மீதியைக் காலியாக விடுங்கள். மிச்சம் மீதியைத் தீர்க்கவும், திடீரென்று வெளியே சாப்பிட நேர்ந்தால் ஈடுகொடுக்கவும் அந்த இடைவெளி வேண்டும். ஏழு நாளும் நிறைத்துத் திட்டம் போட்டவர்கள்தான் அதிகம் வீணாக்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

விலையை 100 கிராமுக்கோ கிலோவுக்கோ எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது. மலிவாகவே இருந்தாலும், கெடாத பொருளுக்குத்தான் பெரிய பாக்கெட் பொருந்தும். புரதத்துக்காக அதிகம் செலவழிக்கிறவர்களுக்கு உலர்ந்த பயறு வகைகளைச் சொல்வேன். 100 கிராமில் ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கிறது, வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், மாதக்கணக்கில் கெடாது. இறைச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அளவைப் பாதியாக்கி, மீதிக்குப் பயறு சேர்த்துச் சமைத்துப் பாருங்கள். உறையவைத்த காய்கறி சத்தில்லாதது என்று பலரும் நினைக்கிறார்கள். பறித்த கையோடு உறையவைப்பதால் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே வைக்கலாம் என்பதால் தனியாக வசிப்பவர்களுக்கு அது உண்மையிலேயே சிக்கனம்.

பாக்கெட்டில் இருக்கும் தேதியைத் தவறாகப் படித்து நல்ல உணவைக் கொட்டுகிறவர்களும் உண்டு. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது தரத்தைப் பற்றியது. அதுவரை சுவையும் மொறுமொறுப்பும் குறையாது என்ற உத்தரவாதம். முறையாகப் பாதுகாத்த உலர்ந்த பொருள் அந்தத் தேதிக்கு மறுநாளே நஞ்சாகிவிடாது. 'யூஸ் பை' என்பது பாதுகாப்பைப் பற்றியது. இறைச்சி, மீன் போன்றவற்றில் அந்தத் தேதி தாண்டினால் வாசனை பார்த்து முடிவெடுக்கக் கூடாது, வீசிவிட வேண்டியதுதான். உங்கள் ஊர்ச் சட்டப்படி எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாத்துவைப்பதில் சின்னச் சின்னத் தவறுகள்தான். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். பக்கத்தில் கீரை இருந்தால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கீரையை ஈரம் போகத் துடைத்து, துணியிலோ தாளிலோ சுற்றிவையுங்கள். புதிதாக வாங்கியது பின்னால், பழையது கண்ணுக்கு முன்னால். ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் மறைந்திருக்கும் டப்பாவை யாரும் எடுப்பதில்லை.

மிச்ச உணவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கனம் என்ற பெயரில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி குளிர நேரமாகும், அதனால் அகலமான சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றிவையுங்கள். சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பிவிடும். வெந்த சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிச்ச உணவை ஆவி பறக்க, நடுப்பகுதியும் 70 டிகிரிக்கு மேல் வரும்படி, ஒரே ஒருமுறை சூடாக்கிச் சாப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் காசைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

மிச்சத்தைப் பற்றிப் பேசும்போது, சமைக்கிறவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எடை குறையவே மாட்டேன் என்கிறது என்று வருகிற பலரிடம் நாள் முழுக்க என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டால், தட்டில் போட்டுச் சாப்பிட்டது குறைவாகத்தான் இருக்கும். பிள்ளை தட்டில் விட்ட கால் பங்கு, பாத்திரத்தின் அடியில் இருந்த ஒரு கரண்டி, நாளைக்குக் கெட்டுவிடுமே என்று வாயில் போட்ட பழம் என்று கணக்கு வேறு எங்கோ இருக்கும். வேண்டாத வயிற்றில் போடுவதும் வீணாக்குவதுதான், உடம்புக்கும் சேர்த்துக் கேடு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கத்தை அந்த வீட்டில் இருக்கிற மற்றவர்கள்தான் நிறுத்த வேண்டும். பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டால் யாரும் நின்று பரிமாற வேண்டியதில்லை. முதலில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். தட்டில் விட்டதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, பாத்திரத்தில் இருப்பதை முடியும்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் கையில் இருப்பது என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பவை மட்டுமே. எவ்வளவு என்பதைக் குழந்தையின் பசி முடிவு செய்யட்டும். புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். இரண்டாம் தடவையே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முத்திரை குத்திவிட்டு, பாக்கெட் உணவைப் பிரிக்கிறோம். தட்டில் ஒரே ஒரு துண்டு வையுங்கள். பெரியவர்கள் அதே காயை ரசித்துச் சாப்பிடுவதை அவன் பார்க்கட்டும். வற்புறுத்த வேண்டாம், இதைச் சாப்பிட்டால் இனிப்பு என்று பேரமும் வேண்டாம். கூடிச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகள் காய்கறியும் பழமும் கூடுதலாக உண்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதில் சேர்ந்து உட்கார்வதன் பங்கு எவ்வளவு, அந்த வீட்டின் மற்றப் பழக்கங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் எந்தச் செலவும் இல்லாத மருந்து என்பதால் தயங்காமல் எழுதிக்கொடுக்கிறேன்.

சாப்பிடும் நேரத்தில் செல்போனைத் தூர வையுங்கள், பெரியவர்களும்தான். மதிப்பெண், கடன், யார் வீட்டு வேலையைச் செய்யவில்லை என்பதையெல்லாம் வேறு நேரத்துக்கு ஒதுக்குங்கள். தினமும் திட்டு விழும் இடத்துக்குப் பிள்ளைகள் எப்படி விரும்பி வருவார்கள்? தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் பல பிள்ளைகளிடம் தனியே பேசினால், அவர்கள் உணவை வெறுக்கவில்லை என்று தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "எங்கள் வீட்டில் வீணாக்க எதுவுமே மிஞ்சுவதில்லை" என்று நினைக்கிறவர்களும் இருப்பீர்கள். வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இலேயே காட்டிவிட்டார். அந்த நிலையில் இருப்பவரிடம் சிக்கனம் பேசுவது சரியல்ல. பிள்ளைகளுக்கு வேண்டுமே என்று பெற்றோர் ஒரு வேளையைச் சத்தமில்லாமல் தவிர்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்படி நடந்தால் தயவுசெய்து மருத்துவரிடமோ எங்களிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். அரசு உதவியோ பள்ளி உணவோ கிடைக்க வழியிருந்தால் கூச்சப்படாமல் பெற்றுக்கொள்ளுங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் குளிர்பானத்தையும் பாக்கெட் தின்பண்டத்தையும் முதலில் வெட்டுங்கள். பயறிலும் முட்டையிலும் கை வைக்காதீர்கள்.

ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் இரவு உணவுக்கு எல்லாரும் கூடுவது முடியாது என்பார்கள். இரவாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? காலை உணவோ, விடுமுறை நாளின் மதிய உணவோ போதும். இரண்டு பேர் சேர்ந்தாலும் போதும். தாமதமாக வருகிறவரின் பங்கை மற்றவர்கள் உட்காரும் முன்பே தனியே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், பெயரையும் ஒட்டிவிடுங்கள். வழியில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவர் சொல்வது அதோடு நின்றுவிடும்.