மேல்முறையீட்டில் அரசு வழக்கறிஞர் யாருக்காக வாதாடுகிறார்?

அமர்வு நீதிமன்றம் தண்டனை விதித்ததோடு குற்ற வழக்கு முடிந்துவிடுவதில்லை. தண்டிக்கப்பட்டவர் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ மேல்முறையீடு செய்தால், அத்தீர்ப்புக்கு ஆதரவாக வாதாடும் பொறுப்பு அரசு குற்றவியல் வழக்கறிஞருடையது. அவர் அரசுத் தரப்பின் வழக்கறிஞரே தவிர, பாதிக்கப்பட்டவர் அமர்த்திய வக்கீல் அல்லர். பல குடும்பங்கள் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான்.

முதல் வாதம் பெரும்பாலும் தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை கோரும் மனுவிலேயே தொடங்கிவிடும். மரணம், ஆயுள் அல்லது 10 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்குரிய குற்றமானால், எழுத்துமூலம் ஆட்சேபிக்க அரசு வழக்கறிஞருக்கு வாய்ப்பளித்த பின்னரே பிணை வழங்கலாம் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 430ஆம் பிரிவு.

இறுதி விசாரணையில் பொதுவாகச் சாட்சிகள் மீண்டும் கூண்டேறுவதில்லை. எல்லாம் காகிதங்களின் மீதுதான். இரவு 8 மணிக்குப் பதிவான முதல் தகவல் அறிக்கையில் மாஜிஸ்திரேட் மறுநாள் நண்பகல் 12 மணிக்குப் பெற்றதாகக் குறித்திருந்தால், இடையில் கதை ஜோடிக்கப்பட்டது என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். அறிக்கையைக் கொண்டுசென்ற காவலர் விசாரணை நீதிமன்றத்தில் அளித்த சாட்சியத்தைப் பக்கம் காட்டி, தாமதத்துக்கான காரணத்தை அரசு வழக்கறிஞர் விளக்கியாக வேண்டும். காவல்துறை அன்று விட்ட பிழையை இந்தக் கட்டத்தில் எந்த வாதத் திறமையாலும் முழுதாக அடைத்துவிட முடியாது.

நீதிமன்ற அனுமதியுடன் பாதிக்கப்பட்டவர் தனி வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வக்கீல் அரசுத் தரப்புக்குத் துணைநிற்கலாமே தவிர, சாட்சிகளைத் தாமாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. பிணை விசாரணை உட்பட வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்லலாம் என 2022இல் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது.

குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலோ, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ, அதே சன்ஹிதாவின் 413ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். தண்டனைக் காலம் குறைவு என்பதற்காக மட்டும் இப்பிரிவில் அவர் மேல்முறையீடு செய்ய இயலாது. அந்த உரிமை அரசிடமே உள்ளது.

இழப்பீட்டுக்குத் தண்டனைத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளி யாரென்றே கண்டறியப்படாத நிலையிலும், 396ஆம் பிரிவின்கீழ் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருப்போரோ மனு கொடுக்கலாம். அக்குழு 2 மாதங்களுக்குள் விசாரணையை முடித்து உரிய இழப்பீடு வழங்க வேண்டும்.