வாழைக்கறையும் டிஎன்ஏ கணக்கும்

போன மாதம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி, மட்டி வாழை இலையிலிருந்து பிரித்த டிஎன்ஏவை ஐஸ் டப்பாவில் வைத்து நாகர்கோவில் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். (2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த அதே மட்டிதான்.) ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து டிஎன்ஏ அளவைச் சொல்லும் நானோடிராப் கருவி, மைக்ரோலிட்டருக்கு 300 நானோகிராம் காட்டியது. "நிறைய இருக்கு மேடம், அப்படியே சீக்வென்சிங்குக்கு அனுப்பிரலாமா?"

ரியல் டைம் பிசிஆரில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பு என்றேன். டிஎன்ஏவைச் சைக்கிள் சைக்கிளாகப் பெருக்கி, பெருகுவதை அவ்வப்போதே கோடாகக் காட்டும் மெஷின் அது; டிஎன்ஏ அதிகமானால் கோடு சீக்கிரம் ஏறும்.

300 உண்மையென்றால் 20-வது சைக்கிள் வாக்கில் கோடு ஏறியிருக்க வேண்டும், ஆனால் 31-ல்தான் மெதுவாகத் தலை தூக்கியது. மெஷின் கோளாறா என்றார். இல்லை, கன்ட்ரோல் (ஒப்பிடுவதற்காகப் போடும், நல்லதென்று தெரிந்த சாம்பிள்) சரியாகவே வந்திருந்தது. அதே சாம்பிளைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டோம். சைக்கிளுக்கு ஒருமுறை டிஎன்ஏ இரட்டிப்பதால், பத்தில் ஒரு பங்கு சுமார் 3.3 சைக்கிள் பிந்தி வருவதுதான் முறை. வந்ததோ 26-ல், முந்திக்கொண்டு!

வேட்டியில் பட்டால் லேசில் போகாத வாழைக்கறை செய்த வேலை அது. கறையின் பாலிஃபினாலும் இலையின் பாலிசாக்கரைடும் டிஎன்ஏவோடு ஒட்டிவந்து, டிஎன்ஏவைப் பெருக்கும் என்சைமை முடக்கிவிடும். நீர்த்தால் அந்தப் பிடி தளரும். நானோடிராப்புக்கு இதெல்லாம் தெரியாது, 260 நானோமீட்டர் ஒளியை எது விழுங்கினாலும், ஆர்என்ஏவோ சிதைந்த துண்டோ, டிஎன்ஏ என்றே எண்ணிவிடும். பிசிஆரோ பிரைமர் (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனையிலும் ஒட்டும் சின்ன டிஎன்ஏ துண்டு) இரண்டும் உட்கார்ந்து பெருகுவதை மட்டும்தான் எண்ணும்.

அதற்காக வெறும் சிடி எண்ணை, அதாவது கோடு ஏறும் சைக்கிள் எண்ணை, நம்பிவிடவும் கூடாது. அளவு தெரிந்த டிஎன்ஏவைப் பத்துப் பத்து மடங்காக ஐந்து படி நீர்த்து ஸ்டாண்டர்டு கோடு போட வேண்டும், அதன் சரிவு (பத்து மடங்குக்குச் சிடி மாறும் அளவு) -3.1-க்கும் -3.6-க்கும் நடுவே இருக்க வேண்டும். ரீஏஜென்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று பசங்க முதலில் கைவைப்பது இதில்தான், அப்புறம் வேறொரு லேபின் சிடியோடு ஒப்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். டெம்ப்ளேட் (சாம்பிள் டிஎன்ஏ) போடாத தண்ணீர்க் குழியிலும் கோடு ஏறினால் தயவுசெய்து மறைக்காதீர்கள். ஒளிர்ந்து கோட்டைக் காட்டும் சைபர் கிரீன் சாயம் எந்த இரட்டை இழையிலும் ஒட்டும், அதனால் மெல்ட் கர்வையும் (பெருகிய இழை எந்தச் சூட்டில் பிரிகிறது என்று காட்டும் கோடு) பாருங்கள்.

அந்தப் பெண் முற்றிய இலையை விட்டுவிட்டு, விரியாத குருத்தை எடுத்து, பாலிஃபினாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி கூடுதலாகச் சேர்த்து மறுபடி பிரித்தார். இந்த முறை நானோடிராப்பில் வெறும் 80. முகம் வாடிப்போனது. சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்றேன். 21-ல் ஏறியது, நீர்த்தது 24 தாண்டி, ஒழுங்காகப் பின்னால் வந்தது.