தோலோடு ஒன்று, தோல் இல்லாமல் ஒன்று

பன்னீர் திராட்சை ஒன்றைத் தோலுரித்துப் பாருங்கள். தோல்தான் கறுப்பு, உள்ளே சதையும் சாறும் வெளிறிப்போய் இருக்கும். சிவப்பு ஒயினின் நிறம் ஏறக்குறைய முழுவதும் அந்தத் தோலிலிருந்து இறங்குவதுதான்.

பிரான்சில் போர்தோ நகரை ஒட்டிய பெசாக்கில் ஷாட்டோ ஓ-பிரியோன் என்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 1663-லேயே லண்டன் மதுவிடுதி ஒன்றில் இதன் ஒயினைக் குடித்த சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கிலேயர், இப்படியொரு தனிச்சுவையைக் கண்டதே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1855-இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது முதல் வரிசையில் இடம்பிடித்த நான்கு சிவப்பு ஒயின்களில் இதுவும் ஒன்று. இங்கே வெள்ளையும் தயாராகிறது, கொஞ்சமாக.

சிவப்புக்கு மெர்லோ, கபர்னே சொவின்யோன், கபர்னே ஃபிரான் பழங்கள். காம்பு நீக்கி, லேசாக நசுக்கி, தோல், விதை எல்லாவற்றோடும் தொட்டியில் விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. கூடவே கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு தோல்களை மேலே தள்ள, அவை தடித்த ஏடாக மிதக்கின்றன. அதைச் சும்மா விட்டால் காய்ந்து, காடி வாடை வந்துவிடும். அதனால் அடியிலிருக்கும் சாறைப் பம்பு வைத்து மேலே ஊற்றி நனைத்துக்கொண்டே இருப்பார்கள். நிறமும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்புள்ள டேனினும் சாறில் இறங்குவது இப்படித்தான்.

வெள்ளைக்கு சொவின்யோன் பிளாங், செமியோன். முதலிலேயே பிழிந்து தோலைக் கழித்துவிட்டு, சாறை மட்டும் ஓக் பீப்பாயில் நொதிக்க விடுகிறார்கள்.

உண்மையான தலைவலி சூடு. 1 சதவீத ஆல்கஹாலுக்கு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை வேண்டும். அப்படியானால் 13 சதவீத ஒயினுக்கு 220 கிராம். அத்தனை சர்க்கரையும் நொதிக்கும்போது கிளம்பும் சூட்டில் தொட்டி கொதிக்காத குறைதான். 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். மிச்சமிருக்கும் சர்க்கரை பாக்டீரியாவுக்கு விருந்து. பெரிய மரத்தொட்டியிலிருந்து சூடு சுலபமாக வெளியேறாது. 1961-இல் ஓ-பிரியோன் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளுக்கு மாறியது. பெயர்பெற்ற தோட்டங்களில் இதற்கு முதலில் துணிந்தவர்கள் இவர்களே எனலாம். எஃகென்றால் வெளிச்சுவரைக் குளிர்வித்தே உள்ளே சூட்டை அடக்கலாம். பீப்ஸ் கதையைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

மண்ணுக்கும் பங்கு உண்டு. கூழாங்கல் நிலம், மழைநீர் தங்காது. தண்ணீர் குறைந்தால் பழம் சிறுக்கும். விட்டம் பாதியானால், அதே அளவு சாறுக்குக் கிடைக்கும் தோல் இரண்டு மடங்காகிவிடும். கல் பகல் வெயிலை வாங்கிவைத்து இரவில் விடுவதால் பழம் சீக்கிரம் முற்றுகிறது. போதாக்குறைக்கு நகரம் வளர்ந்து தோட்டத்தைச் சூழ்ந்துகொண்டது; கட்டடங்களின் சூடும் சேர்ந்துகொள்கிறது. வெயில் கடுமையான ஆண்டுகளில் வெள்ளைத் திராட்சை அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. புளிப்பு குறைவதற்குள் பறித்தாக வேண்டுமே.